பன்னிரண்டு படத்துக்குத்தான் இடம்

குழு: நம்ம தெரு, அஸ்தம்பட்டி, சேலம்

26 டிசம்பர் 2023, செவ்வாய்

செல்வா: எல்லாருக்கும் வணக்கம். வழக்கம்போலப் பிள்ளையார் கோயில் முனையில், இந்த வருடம் மறைந்தவர்களுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறோம். பத்துக்கு ஆறு அடி. பன்னிரண்டு படம்தான் வரும், அதற்கு மேல் போனால் முகமே தெரியாது. நாளை இரவுக்குள் பெயர் சொல்லுங்கள். வியாழன் காலை நாலு ரோட்டுக் கடையில் கொடுக்க வேண்டும்.

மீனா அக்கா: மாரிமுத்து. முதல் படம் அவர்தான்.

செல்வா: போட்டாச்சு அக்கா. இதுவரை: மயில்சாமி, மனோபாலா, மாரிமுத்து, டி.பி.கஜேந்திரன், சரத்பாபு, ஜூனியர் பாலையா, வாணி ஜெயராம், இயக்குநர் விஸ்வநாத். இன்னும் நாலு பேர்.

வாத்தியார் ஐயா: தம்பி, இது தெரு முனையில் வைப்பதா, தியேட்டர் வாசலில் வைப்பதா?

மளிகைக்கடை பாய்: ஐயா ஆரம்பித்துவிட்டார்!

வாத்தியார் ஐயா: பின்னே என்ன பாய்? எம்.எஸ்.சுவாமிநாதன் எங்கே? செப்டம்பர் 28-இல்தானே போனார், அதற்குள் மறந்தாயிற்றா? அறுபதுகளில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. ரேஷனில் அந்தக் கோதுமையை வாங்கித் தின்றவன் நான். கும்பகோணத்துப் பிள்ளை ஐ.பி.எஸ். கிடைத்தும் வேண்டாம் என்று பயிர் மரபியல் படிக்கப் போனதால்தான் அந்த நிலை மாறியது.

கார்த்தி: ஐயா கோபிக்காதீர்கள். அந்தப் பசுமைப் புரட்சி கொண்டுவந்த உரமும் மருந்தும்தானே மண்ணைக் கெடுத்தது? எங்கள் தாத்தா காலத்து நெல் ஒன்றுகூட இப்போது இல்லை.

வாத்தியார் ஐயா: ஃபேர்லேண்ட்ஸில் ஆர்கானிக் கடை வைத்திருக்கிறவன் வேறு என்ன சொல்வாய்? நீ சொல்வதை அவரே 1968-இல் வாரணாசி அறிவியல் மாநாட்டில் சொல்லிவிட்டார். கண்மூடித்தனமாக மருந்து அடிக்காதீர்கள், மண்ணின் வளத்தைப் பார்க்காமல் ஒரே நிலத்தில் பயிர்மேல் பயிர் வைக்காதீர்கள், ஊர் ரகங்களை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றிரண்டு ரகத்தையே நம்பாதீர்கள் என்று. புரட்சி தொடங்கின சூட்டிலேயே எச்சரித்தவர். கேட்காதது நாம்.

கார்த்தி: அது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் ரகங்கள் போனது போனதுதானே ஐயா.

முருகேசன் அண்ணன்: விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி லாபம் வைத்துக் குறைந்தபட்ச விலை கொடு என்று எழுதியது அவர் தலைமையிலான விவசாயிகள் கமிஷன். 2006-இல் முடித்துக் கொடுத்த அறிக்கை. டெல்லிப் போராட்டத்தில் விவசாயிகள் தூக்கிப் பிடித்தது அதைத்தான்.

செல்வா: சுவாமிநாதன் ஒன்பதாவது. சண்டை முடிந்தது. அடுத்து?

சரசு அக்கா: எங்கள் அம்மா இல்லாமல் ஃபிளெக்ஸா? மேல்மருவத்தூர் பங்காரு அடிகளார். அக்டோபர் 19, நவராத்திரிக்குள் போய்விட்டார்கள். பெண்கள் கருவறைக்குள் போய்க் கையால் பூஜை செய்யலாம், எந்த நாளாக இருந்தாலும் தீட்டு இல்லை என்று சொன்ன கோயில் வேறு எது?

மீனா அக்கா: அதைச் சொல்லு. செவ்வாடை கட்டியதால்தான் என் மாமியார் முதல்முதலாகத் தனியாகப் பஸ் ஏறினார்.

முருகேசன் அண்ணன்: கம்யூனிஸ்ட் தலைவர் சங்கரய்யா. நவம்பர் 15. நூறு வயதைத் தாண்டியவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. தேர்வு நெருங்கும்போது 1941-இல் பிடித்து உள்ளே போட்டான் வெள்ளைக்காரன். பட்டம் போச்சு. கடைசிக் காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானம் போட்டது. அதற்கும் ஆளுநர் கையெழுத்து வரவில்லை. தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சத்தையும் கொரோனா நிதிக்கே கொடுத்துவிட்டார்.

செல்வா: அண்ணா, குழுவில் அரசியல் வேண்டாம் என்று அட்மின் விதி...

முருகேசன் அண்ணன்: இது அரசியல் இல்லை தம்பி, நம்ம ஏரியா கதை. தினமும் ஜெயில் சுவர் ஓரமாகத்தானே பைக்கில் போகிறாய்? அதே ஜெயிலுக்குள் 1950 பிப்ரவரி 11-இல் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் மலபார்க்காரர்கள். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும்போது எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்வார், ஊதுகுழல் அப்படியே நின்றுவிடும். அந்தச் செங்கொடியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்த மனுஷனுக்கு இந்தத் தெருவில் ஒரு படம் கிடையாதா?

பிரியா: அந்தச் சுவர்ப் பக்கமாகத்தான் காலேஜ் பஸ் போகும். இத்தனை நாள் யாரும் சொன்னதே இல்லை அண்ணா.

செல்வா: சரி, பதினொன்று. ஒன்றுதான் பாக்கி.

மளிகைக்கடை பாய்: ஜஸ்டிஸ் ஃபாத்திமா பீவி. உச்ச நீதிமன்றத்துக்கு 1989-இல் வந்த முதல் பெண் நீதிபதி. நம் கவர்னராகவும் இருந்தார். நவம்பர் 23. என் மகள் சட்டம் படிக்கிறாள், அவள் மேஜையில் அந்த அம்மா படம்தான் இருக்கிறது.

பிரியா: வளர்மதி மேடம்! ஸ்ரீஹரிகோட்டா கவுண்ட்டவுன் குரல். சந்திரயான்-3 கிளம்பும்போது எண்ணிச் சொன்னதும் அவர்தான். அது நிலவில் இறங்கிய மறு மாதமே போய்விட்டார்.

நர்ஸ் ரேவதி: சங்கர நேத்ராலயா பத்ரிநாத் டாக்டர். 1978-இல் தொடங்கியவர். நவம்பர் 21. எங்கள் தெருவிலேயே அங்கே கண் காட்டியவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள்.

சரசு அக்கா: நான் ஒன்று.

வாத்தியார் ஐயா: இடது கண்.

தண்டபாணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அக்கா: மாமா, நீக்குவதற்குள் படித்துவிட்டேன். அந்தப் பாடகி நல்லபடியாக இருக்கிறார், போன ஞாயிறு டிவியில் பாடினார். இதோடு மூன்றாவது முறை அவரைக் கொல்கிறீர்கள்.

தண்டபாணி மாமா: எனக்கு வந்ததை அனுப்பினேன்மா.

செல்வா: இப்போது பதினான்கு. யாரையாவது எடுக்க வேண்டும்.

வாத்தியார் ஐயா: சினிமாவில் இரண்டைக் குறை.

மீனா அக்கா: மாரிமுத்துவைத் தொட்டால் நான் பந்தலுக்குக் காசு தர மாட்டேன். எத்தனை வருடம் சினிமாவில் உதவி இயக்குநராக உழைத்தவர், படமும் இயக்கினார். சீரியல் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தார். வில்லன்தான், ராத்திரி ஆனால் அவரைத் திட்டுவதற்கென்றே உட்காருவோம். டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி.

பிரியா: மயில்சாமியையும் எடுக்கக் கூடாது. கையில் இருப்பதையெல்லாம் கொடுத்தவர். சிவராத்திரிக்கு விடிய விடியக் கோயிலில் இருந்துவிட்டு, விடியும்போது போனார்.

வாத்தியார் ஐயா: அப்படியானால் விஸ்வநாத், வாணி ஜெயராம் இருவரையும் ஒரே கட்டத்தில் போடு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா வாங்கிய தேசிய விருது மூன்று. அதில் இரண்டு விஸ்வநாத் படங்களில் பாடியதற்கு: சங்கராபரணம், சுவாதி கிரணம். அவர் பிப்ரவரி 2, இவர் பிப்ரவரி 4. பத்மபூஷண் அறிவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, கையில் வாங்கவில்லை.

கார்த்தி: ஐயா சினிமாவே பார்க்காதவர் மாதிரி பேசினீர்களே!

வாத்தியார் ஐயா: சங்கராபரணம் சினிமா இல்லை.

செல்வா: பதின்மூன்று. கஜேந்திரனையும் பாலையாவையும் ஒரு கட்டத்தில் சேர்க்கிறேன். பன்னிரண்டு. இனி யாரும் பேசக் கூடாது.

28 டிசம்பர் 2023, வியாழன்

தண்டபாணி மாமா: கேப்டன் போய்விட்டார்.

மீனா அக்கா: மாமா, திரும்பவுமா? காலையில் இப்படி எதையாவது அனுப்பாதீர்கள்.

நர்ஸ் ரேவதி: இல்லை அக்கா, இது உண்மை. கொரோனா, வென்டிலேட்டர் என்று காலையில்தான் சொன்னார்கள். இப்போது எல்லா சேனலிலும் வந்துவிட்டது. 71 வயது.

மீனா அக்கா: ஐயோ.

செல்வா: ஃபிளெக்ஸ் காலையிலேயே பிரிண்டுக்குப் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மை காய்ந்துகொண்டிருக்கிறது. கடை வாசலில் கால் வைக்க இடமில்லை, எல்லாரும் கேப்டன் படத்தோடு நிற்கிறார்கள். நமக்கு இன்னொன்று என்றால் சனிக்கிழமைதான் என்கிறார்.

முருகேசன் அண்ணன்: கட்சி வேறு, எனக்கு அவர் அரசியல் ஒத்துவராது. 2011-இல் 29 எம்.எல்.ஏ.வோடு எதிர்க்கட்சித் தலைவரானதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று இந்தக் குழுவிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் லைட்மேனுக்கும் ஹீரோவுக்கும் ஒரே சாப்பாடு என்று செட்டில் நின்று பரிமாற வைத்தவர்.

கார்த்தி: நடிகர் சங்கக் கடனையும் மலேசியா, சிங்கப்பூரில் கலை நிகழ்ச்சி நடத்தி அடைத்தார்.

தண்டபாணி மாமா: நான் சென்னையில் வேலை தேடி அலைந்தபோது தி.நகர் ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் சாப்பிட்டிருக்கிறேன். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது. இலை போட்டார்கள்.

சரசு அக்கா: இதை ஏன் மாமா இத்தனை வருடம் சொல்லவில்லை? ஃபார்வர்டு மட்டும் அனுப்பிக்கொண்டு!

வாத்தியார் ஐயா: ஃபிளெக்ஸ் சனிக்கிழமை வரட்டும். நாளை மதியம் கோயில் முனையில் சாப்பாடு போடலாம். ஆட்டோ ஸ்டாண்டு, துப்புரவுப் பணியாளர்கள், வழியில் போகிறவர்கள், எல்லாருக்கும்.

பிரியா: தட்டுவடை செட் போடலாமா ஐயா?

வாத்தியார் ஐயா: பசிக்கிறவனுக்குத் தட்டுவடையா? சாம்பார் சாதம்.

மளிகைக்கடை பாய்: அரிசி, பருப்பு என் கடையிலிருந்து. காசுப் பேச்சு வேண்டாம்.

மீனா அக்கா: பெரிய அண்டா எங்கள் மாடியில் இருக்கிறது. தூக்க இரண்டு பேரை அனுப்பு செல்வா, படி குறுகல். போன தடவை சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டார்கள்.