விபீஷணனுக்குத் தனிச் சன்னதி வைக்கலாமா?

லிந்துலை மைந்தன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்து ராமர் கோயிலைத் திருத்திக் கட்டுகிறோம். விபீஷணனுக்கும் சன்னதி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இலங்கையை ஆண்டவர், ஏழு சிரஞ்சீவிகளில் ஒருவர், களனியில் சிங்கள மக்கள் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். எனக்குச் சரியென்றுதான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதுளைக்காரி:
வேண்டாம் தம்பி. நிகும்பலை யாகம் முடிந்தால் இந்திரஜித்தை வெல்ல முடியாது என்று இலக்குவனுக்குக் காட்டிக் கொடுத்தது சொந்தச் சித்தப்பாதானே? அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் கும்பகர்ணன் சோற்றுக் கடனுக்காகச் செத்தான். வைப்பதென்றால் அவனுக்கு வையுங்கள். நாம் கும்பிடும் மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு உயிர்விட்டவர். செத்துச் சாமியானவருக்கு நம் வலி தெரியும். சாகாத ராஜாவுக்கு என்ன தெரியும்?

லிந்துலை மைந்தன்:
அக்கா, அவர் சாகா வரம் கேட்கவே இல்லை. கேட்டது இராவணன், கிடைக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் மனம் தர்மத்தை விட்டு விலகக் கூடாது என்று மட்டும்தான் விபீஷணன் கேட்டார். பிரமன் தானாகவே சாகாமையையும் சேர்த்துக் கொடுத்தார். சபையில் அண்ணனுக்கு எவ்வளவோ புத்தி சொல்லி, ஏச்சு வாங்கிய பிறகுதானே வெளியேறினார்?

ஹட்டன் வாசகன்:
ராமர் வைகுந்தம் போகும்போது, மக்கள் இருக்கும் வரை இலங்கையை ஆண்டுகொண்டு இரு என்று இவருக்குச் சொன்னதாக உத்தர காண்டத்தில் வருகிறது. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் போக, இவர் இங்கே காவல். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருப்பதும் இவருக்காக என்பார்கள். ஆனால் இவர் அடியார். பட்டாபிஷேகப் படத்தில் நிற்பதுபோல ராமர் பக்கத்தில் கைகூப்பி நிற்கட்டும், அது போதும்.

பதுளைக்காரி:
காவல் என்கிறீர்களே, 1948இல் நம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனபோது யாருக்குக் காவல் இருந்தார்? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அதற்குப் பக்கத்துத் தனுஷ்கோடியில்தான் விபீஷணன் சரணடைந்தார் என்கிறார்கள். அவருக்குப் போன இடத்தில் பட்டம் கட்டினார்கள். எங்கள் பெரியப்பா குடும்பம் தகரப் பெட்டியோடு மண்டபம் முகாமில் வரிசையில் நின்றது.

லிந்துலை மைந்தன்:
அந்த வரிசையில் எங்கள் ஆட்களும் நின்றார்கள் அக்கா. சட்டம் போட்டது மனிதர்கள், அதை அவர் தலையில் கட்ட என்னால் முடியாது. ஊரை விட்டு வெறுங்கையோடு போய் நின்றவர் என்பதால்தான் எனக்கு அவர் நெருக்கமாகத் தெரிகிறார்.

பதுளைக்காரி:
அப்படியானால் ஹட்டன் அண்ணன் சொன்ன மாதிரி ராமர் பக்கத்தில் நிற்கட்டும். தனிச் சன்னதி, தனிப் பூசை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.