டென்ஷனைத் தாங்குறது எந்த சுபாவம்? நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

அடிவாரம்
ஏற்காடு ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு, புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. ரெண்டு டிரைவர். ஒருத்தர் எதுக்கும் அலட்டிக்க மாட்டார். இன்னொருத்தர் சாவி போடறதுக்கு முன்னாடியே கவலைப்படுற ஆளு. மழை, பனிமூட்டம், இறக்கம். அமைதியானவர் மூணாவது கியர்ல பிரேக்கை மிதிச்சபடியே இறங்கினார். பாதி வழியில பிரேக் லைனிங் கருகுற நாத்தம், மிதிச்சாலும் சரியா பிடிக்கலை. கவலைக்காரர் ஏறின அதே ரெண்டாவது கியர்ல இறங்கினார். வேகத்தை எஞ்சினே அடக்கிக்குது, பிரேக் வளைவுக்கு முன்னாடி மட்டும்தான். கியர் மேல இருந்த கை நடுங்கிட்டே இருந்துச்சு, ஆனா கியர் மாறவே இல்லை. இதுல யாரு தாங்குற ஆளு?

செவ்வாய்ப்பேட்டை
கொலுசு பட்டறைக்கு வாங்க. பத்தவைக்கிற பொடி கூடினா கண்ணி அடைச்சுக்கும், குறைஞ்சா மெருகு போடும்போதே விட்டுக்கும். அதுல ஒரு தரம்கூட பிசகாத ஆளு ஒருத்தர். வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்னதும் அவர்தான் முதல்ல படுத்தார். சாப்பாடு இறங்கலை, போனை எடுக்கலை. ஏனோதானோன்னு வேலை செய்யுற பக்கத்து ஆளு மறுநாளே ஜவ்வரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போயிட்டார். வேலை போனா பொறுப்பானவங்க மனசுதான் அதிகமா இறங்குதுன்னு ஜெர்மனி மக்கள்கிட்ட எடுத்த தகவலை வெச்சு 2010-ல ஒரு ஆய்வே வந்திருக்கு.

அஸ்தம்பட்டி
அடிவாரம் ஐயா, கவலைப்படுற சுபாவத்துக்கு மாலை போடாதீங்க. அந்த டிரைவரைக் காப்பாத்தினது கவலை இல்லை, ஒழுங்கு. கவலைக்காரங்களுக்கு தினசரி உரசலும் அதிகம், அதே உரசல் அவங்களை உலுக்குறதும் அதிகம். நாட்குறிப்பு எழுத வெச்சு போல்கர்ங்கிற உளவியல் ஆய்வாளர் 1990-கள்ல காட்டினது இதுதான்.

நான் பார்த்தது சின்ன விஷயம். மன அழுத்தத்தை அளக்க கோஹன்ங்கிற ஆய்வாளர் குழு போட்ட 10 கேள்வி அளவுகோல்ல ஒரு நர்சிங் மாணவிக்கு 23 வந்துச்சுன்னு வீட்ல பதறிட்டாங்க. 4, 5, 7, 8 நாலும் நல்லபடியா கேக்குற கேள்வி, மார்க்கைத் திருப்பித்தான் கூட்டணும். திருப்பினா 15. அதுவும் போன ஒரு மாசத்து நிலவரம்தான், சுபாவத்தை அளக்குற கருவி இல்லை.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். சுபாவத்தை மாத்தப் போராடாதீங்க, வேலைமுறையை மாத்துங்க. கவலைக்காரங்க தினம் ஒரே நேரத்துல 20 நிமிஷம் ஒதுக்கி, தாள்ல நடுவுல கோடு போடணும். கவலைகள்ல நம்ம கையில இருக்கிறது இடப்பக்கம், பக்கத்துலயே அடுத்த வேலையும் தேதியும். கையில இல்லாதது வலப்பக்கம், அதுக்கு தேதி போடக்கூடாது. நிறைய பேர் வலப்பக்கத்துக்கும் தீர்வு தேடி அங்கேயே சிக்கிக்கிறாங்க. பட்டறைக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு இது போதாது. ஆர்டர் வந்துட்டு இருக்கும்போதே, "பதினஞ்சு நாள் ஆர்டர் இல்லைன்னா இன்னாரைப் போய்ப் பார்ப்பேன்"னு பேரோட எழுதி வெச்சிருக்கணும். விழுந்தப்புறம் அவங்களுக்கு யோசனை ஓடாது. மூச்சுப் பயிற்சின்னா 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, 5 நிமிஷம். ஆழமா இழுக்கிறேன்னு வேகமா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை சுத்தும், அப்புறம் பயிற்சியையே விட்ருவாங்க. சாப்பாடு, தூக்கம் ரெண்டும் கெட்டா தாள் வேலைக்கு ஆகாது, 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

நாகலூர்
கோபத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. காபிப் பழம் பறிச்ச அன்னைக்கே பல்ப்பர்ல, அதாவது தோல் உரிக்கிற மெஷின்ல, போடணும், இல்லைன்னா புளிச்சிரும். கரண்ட் போன ராத்திரி ஒரு மேஸ்திரி எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தார். இன்னொருத்தர் பழத்தைத் தண்ணித் தொட்டியில கொட்டச் சொல்லிட்டு ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பினார். பரபரப்பான ஆளுக்கு இதயநோய் வரும்னு ஒரு காலத்துல சொன்னாங்க. பின்னாடி பார்த்தா அதுல கெடுதல் பண்றது பரபரப்பைவிட பகைமைக் குணம்தான்.

அஸ்தம்பட்டி மேடம், அந்த 20 நிமிஷத்தை விடிகாலையில வெச்சுக்கலாமா? சீசன்ல சாயங்காலம் பல்ப்பர் ஓடுது.

அஸ்தம்பட்டி
தாராளமா. படுக்கப் போற நேரம் மட்டும் வேண்டாம்.