ஸ்டில் படத்துக்கு ஆக்‌ஷன் கேமரா மட்டும் போதுமா?

அலைக்குப்_புதுசு:
வணக்கம். வீடு லாஸ்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் பழகுகிறேன், நண்பர்களோடு ஈசிஆரில் சைக்கிள் மிதிப்பதும் உண்டு, எப்போதாவது குடும்பத்தோடு பிச்சாவரம். கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. வீடியோ எடுத்து உட்கார்ந்து எடிட் பண்ண எனக்குப் பொறுமை கிடையாது, படம்தான் வேண்டும், நல்லதாக நாலு வந்தால் பிரேம் போட்டு மாட்டிவிடுவேன். ஆக்‌ஷன் கேமரா (பலகை, ஹெல்மெட் என்று எதிலும் மாட்டும் சின்னக் கேமரா) ஒன்றே போதுமா, இல்லை அதே காசுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) பார்க்கலாமா? கடையில் கேட்டால் "27 மெகாபிக்சல் சார், இதுக்கு மேல என்ன வேணும்" என்கிறார்கள்.

கடலூர்_லென்ஸ்:
27 மெகாபிக்சல் என்பது பொய்யில்லை. எவ்வளவு பெரிய சென்சாரில், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லில், என்று கேட்டீர்களா? ஆக்‌ஷன் கேமராக்களில் ரொம்ப நாளாக இருந்தது 1/2.3 அங்குல சென்சார், அதாவது சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. இப்போது வருவதில் 1/1.9, 1/1.3 என்று கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், அந்த 1/2.3ஐப் போலப் பதின்மூன்று மடங்கு.

அதை விடுங்கள், பெரிய சிக்கல் ஜூம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பசங்க வாலிபால் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று இதில் எடுத்தால் மைதானம், கடல், வானம், பஜ்ஜிக் கடை எல்லாம் வரும், ஸ்மாஷ் அடிக்கிறவன் மட்டும் எறும்பு மாதிரி இருப்பான். அவன் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, உயரத்திலும் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், வெட்டி எடுத்தபின் 27 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அதையா பிரேம் போடுவீர்கள்? பழைய டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்று, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-300 லென்ஸ் ஒன்று. விளையாட்டுப் படத்துக்கு வேறு வழியில்லை.

உப்புத்தண்ணி:
அண்ணே, அவர் கேட்டது சர்ஃபிங், நீங்கள் சொல்வது வாலிபால். அவர் பலகை மேல் இருக்கிறார், கரையில் 70-300ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது யார், நீங்களா?

இன்னொன்று. ஆக்‌ஷன் கேமரா வீடியோவுக்குப் பிறந்தது, ஸ்டில் சும்மா ஓரமாக ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கோப்ரோ நிறுவனர் நிக் உட்மேன் அலைமேல் போகிறவன் தன்னையும் கூட வருகிறவர்களையும் கிட்டத்தில் இருந்து எடுக்க வேண்டும் என்றுதான் மணிக்கட்டில் கட்டும் பட்டையில் ஆரம்பித்தார், 2004இல் வந்த முதல் கோப்ரோ ஹீரோ 35 மி.மீ. ஃபிலிம் கேமரா, அதில் வீடியோவே கிடையாது. கிட்டத்தில் இருந்து எடுக்கும் ஸ்டில்லுக்காகத்தான் இந்தச் சாமானே வந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: பலகையின் மூக்கில் மாட்டி உங்களைப் பார்க்கத் திருப்பினால், கரையை நோக்கி வரும்போது கேமரா கிழக்கே பார்க்கும். நம்ம ஊரில் காலையில் சூரியன் கடல் பக்கம். நீங்கள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவீர்கள், அதுவும் அழகுதான், ஆனால் முகம் வேண்டுமென்றால் சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள், வெயில் கரைப் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அரை நொடிக்கு ஒரு படம் என்று இடைவெளி போட்டுவிட்டுக் கேமராவை மறந்துவிடுங்கள். குப்பை நிறைய வரும், அழிக்கக் கை கூசக்கூடாது. லென்ஸில் துளி நின்றால் எல்லாம் போச்சு, அதனால் அலைக்குக் காத்திருக்கும்போது லென்ஸ் கண்ணாடியை நாக்கால் நக்கி ஒருமுறை முக்கி எடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்து ஓடிவிடும். அருவருப்பாக இருந்தாலும் சர்ஃபிங் பண்ணுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

கடலூர்_லென்ஸ்:
வரலாறு நன்றாக இருக்கிறது தம்பி. ஆயிரம் படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குவதற்குப் பெயர் புகைப்படமா? சிசிடிவி கூடத்தான் எடுக்கிறது.

பாண்டி_பெடல்:
அண்ணா, நீங்கள் டிஎஸ்எல்ஆரில் பர்ஸ்ட் போட்டுப் படபடவென்று எடுத்தால் மட்டும் அது புகைப்படமா? :)

நான் சைக்கிள்காரி, அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மார்பில் மாட்டினால் கைப்பிடி, முன்னால் போகிறவர் முதுகு, சாலை மூன்றும் வந்து படம் உயிரோடு இருக்கும். ஹெல்மெட்டில் மாட்டினால் வெறும் சாலைதான். ஓரத்தில் ஆள் நின்றால் முகம் இழுத்துவிட்ட மாதிரி வரும், கேமராவில் லீனியர் என்ற செட்டிங் வைத்தால் கோடுகள் நேராகும், ஓர இழுப்பு முழுசாகப் போகாது, அதனால் ஆளை நடுவில் வையுங்கள். பக்கத்தில் வருகிற சைக்கிளின் சக்கரத்தை எடுத்தால் ஆரக்கம்பிகள் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது, எந்த செட்டிங்கிலும் தீராது. விடிவதற்கு முன் ஐந்தரை மணிக்கு மிதிக்கும்போது எடுத்தால் வெறும் புள்ளி மழை, ஏழு மணிக்கு மேல்தான் இதற்கு உயிரே வரும்.

உப்புத்தண்ணி:
அக்கா சொன்ன வெளிச்சம்தான் முக்கியம். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, மாறாது, 2.5 அல்லது 2.8 என்று நிலையாக நிற்கும். நல்ல வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க அதற்கு இருக்கிற ஒரே வழி ஷட்டரை வேகமாக்குவது (வெளிச்சம் விழும் நேரத்தைக் குறைப்பது), ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே தானாகவே போய்விடும். அதனால் பாண்டி வெயிலில் 5.3கே வீடியோ (ஏறக்குறைய 5300 புள்ளி அகலம்) ஓட்டி அதிலிருந்து ஒரு பிரேமை எடுத்தால்கூட 15 மெகாபிக்சலுக்கு மேல், அசைவு மங்கல் இல்லாமல் வரும். மேகமூட்டம் போட்டால் ஷட்டர் தளர்ந்துவிடும், அப்போது வீடியோ பிரேமை நம்பாமல் ஷட்டரை 1/500இல் கட்டிப்போட்டு ஸ்டில்லாகவே எடுக்க வேண்டும்.

கடலூர்_லென்ஸ்:
வீடியோ பிரேமைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களில் மாறாததை எல்லாம் விட்டுவிட்டு மாறியதை மட்டும் சேமிக்கிற அமுக்குமுறை அது. உடைந்த அலையில் மாறாதது என்று எதுவுமே இல்லை. நுரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கரைந்து கிடக்கும். மொபைல் திரையில் தெரியாது, அவர் சுவரில் மாட்டப் போகிறேன் என்கிறார். சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் ஸ்டில் எடுத்தால் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பிச்சாவரத்தை யாருமே தொடவில்லை. கால்வாய் ஓரம் கொக்கும் நாரையும் நிற்கும், இந்தக் கேமராவில் அது வெள்ளைப் புள்ளி.

பாண்டி_பெடல்:
பிச்சாவரத்தில் கொக்கு மட்டுமா இருக்கிறது? சிறு கால்வாய்க்குள் துடுப்புப் படகு நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேலே வளைந்து நிற்கும், படகில் இருப்பவர்கள் குனிய வேண்டும். அங்கே 70-300ஐ எடுத்தால் ஒரு வேர் வரும். அகல லென்ஸ்தான் வேண்டும், அதுவும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டி. அந்த நிலையில் உங்கள் டிஎஸ்எல்ஆரை நீட்டுவீர்களா அண்ணா?

கடலூர்_லென்ஸ்:
நீட்ட மாட்டேன்.

கிள்ளை_வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சண்டை இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் ஏன்? ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி தண்ணீர் புகாத சின்ன கேமராவையும் பாருங்கள். 2019இல் வந்தது, 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், நாலு மடங்கு ஜூம் உண்டு, ரா உண்டு, நண்டின் கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் வைத்தாலும் ஃபோகஸ் ஆகும். ஆக்‌ஷன் கேமராவை அவ்வளவு கிட்ட வைத்தால் மங்கல்தான். சென்சார் அதே சின்ன 1/2.3தான், 12 மெகாபிக்சல், அதை மறைக்கவில்லை.

உப்புத்தண்ணி:
நல்ல கேமரா, ஆனால் பலகை மூக்கில் மாட்டிக்கொண்டு அலையில் அடி வாங்க அது ஆகாது. படகுக்கும் கரைக்கும் சரி.

அலைக்குப்_புதுசு:
எல்லோருக்கும் நன்றி, படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒரே சந்தேகம், இதற்கெல்லாம் மொபைலை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்தால் ஆகாதா? மொபைலில் ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரம்) என்று போட்டிருக்கிறது.

கடலூர்_லென்ஸ்:
கரையில் நின்று எடுக்க உங்கள் மொபைலே ஆக்‌ஷன் கேமராவை விட நல்ல படம் தரும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்புத் தண்ணீருக்கு யாரும் வாரண்டி தருவதில்லை. நனைந்த தொடுதிரையும் பேச்சைக் கேட்காது. கடலுக்குள் கொண்டு போகாதீர்கள்.

அலைக்குப்_புதுசு:
சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்று, மிச்சக் காசை எடுத்து வைத்துப் பின்னால் ஒரு பழைய பாடி. லென்ஸ் அண்ணா திட்டக்கூடாது.

கடலூர்_லென்ஸ்:
திட்டவில்லை, வரிசையைத்தான் மாற்றச் சொல்வேன். முதலில் பாடி வாங்கினால் படம் எடுக்கப் பழகுவீர்கள், முதலில் இதை வாங்கினால் படம் பொறுக்கத்தான் பழகுவீர்கள். உங்கள் காசு, உங்கள் இஷ்டம்.

உப்புத்தண்ணி:
பழையது வாங்கினால் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே ஓடும் ரப்பர் வளையத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், வெடிப்போ மணலோ இருந்தால் வேண்டாம். ஒரு மணல் துகள் போதும், தண்ணீர் உள்ளே போக. சார்ஜர் குத்துகிற துளையில் பச்சை படிந்திருந்தால் உப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள். கடலில் இருந்து வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் போட்டு, துடைத்துக் காய்ந்தபின் திறவுங்கள். கரையிலேயே ஈரக்கையோடு திறந்து படம் பார்க்கிற ஆசைதான் பாதிக் கேமராவைக் கொல்கிறது.

அலைக்குப்_புதுசு:
முத்தியால்பேட்டையில் ஒருவர் விற்கிறார், சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். மூடி, ரப்பர், சார்ஜர் துளை மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன், சொல்லுங்கள்.

கடலூர்_லென்ஸ்:
மொபைலில் எடுத்துப் போடுங்கள். அதுதான் தெளிவாக இருக்கும்.