மூன்று இரவு ஐரோப்பியப் பயணம்: தொழுகைக்கும் உணவுக்கும் அலையாமலிருக்க எந்த நகரம்?

வழிப்போக்கன்:

அஸ்ஸலாமு அலைக்கும். நவம்பர் நடுப்பகுதியில் நான்கு நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஓர் ஐரோப்பிய நகரத்தில் மூன்று இரவு தங்கிவர எண்ணுகிறேன். ஆஸ்திரியாவின் வியன்னா, ஸ்பெயினின் கிரனாடா, போஸ்னியாவின் சரயேவோ ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுக்கு வர இயலவில்லை.

தாயாருக்கு வயது 67. முழங்கால் வலி உண்டு. ஒரு வேளைத் தொழுகையைக்கூட நேரம் தவறவிட மனம் ஒப்பாதவர். சென்ற ஆண்டு வேறொரு நகரத்துக்குப் போயிருந்தபோது ஹலால் உணவு தேடியே பகலில் பாதி கழிந்தது. பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழ இடம் கிடைக்காமல் ரயில் நிலையத்து இருக்கையில் அவர் கண்கலங்கி அமர்ந்திருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அழகும் வரலாறும் மூன்று ஊர்களிலும் இருக்கின்றன என்று அறிவேன். தொழுகையும் உணவும் இடையூறாகாமல் அன்றைய பொழுதோடு இயல்பாகப் பொருந்திப்போகும் ஊர் எது என்பதே என் கேள்வி. நாங்கள் ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பிரிவை) சேர்ந்தவர்கள்.

செம்புக்கிண்ணம்:

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் சொல்லும் தேவைக்குச் சரயேவோவையே நான் முதலில் வைப்பேன். பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவில் நின்றால் காஸி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசலின் பாங்கு (தொழுகை அழைப்பு) காதில் விழும். 1531இல் கட்டப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் முற்றத்தில் நீரூற்று இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள மணிக்கூண்டின் கடிகாரம் சூரியன் மறையும் நேரத்தைப் பன்னிரண்டாகக் கொண்டு ஓடுவதால், மாலைத் தொழுகையான மக்ரிபு வேளையில் அதன் முட்கள் பன்னிரண்டில் வந்து சேரும். தொழுகை நேரத்துக்காகவே ஓடும் அந்தக் கடிகாரத்தை உங்கள் தாயார் கட்டாயம் பார்க்க வேண்டும். கடைவீதி சமதரையில் அமைந்திருக்கிறது. 1914இல் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட லத்தீன் பாலம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.

பழைய கடைவீதியில் மது பரிமாறாத உணவகங்கள் பல உள்ளன. செவாபி எனப்படும் இறைச்சி உருளைகளைத் தட்டை ரொட்டியில் வைத்துத் தருவார்கள். அடுமனைகளில் புரெக் என்றால் அங்கே இறைச்சி வைத்தது மட்டுமே; பாலாடைக்கட்டி வைத்ததற்குச் சிர்னிட்சா என்று பெயர். கடைவீதியைத் தாண்டிய பகுதிகளில் பன்றி இறைச்சியும் விற்கப்படுவதால், அங்கே கேட்டு உண்பதே நல்லது.

போஸ்னியா, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்ததன்று. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு வியன்னா வழியாகப் போனால், திரும்பி வரும்போது சிக்கல் எழும். நாணயமும் யூரோ அன்று, மார்க். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 1.96 மார்க்.

மாலைவெயில்:

மேலே எழுதியவர் சரயேவோவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் நீங்கள் போகவிருப்பது நவம்பர் மாதம் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் குளிர்காலத்தில் அடுப்புப் புகையும் பனிமூட்டமும் கலந்து ஊரின் மேல் படிந்துவிடும். விமானங்கள் ரத்தாவதும் உண்டு. எனக்கே அவ்வாறு நேர்ந்து, மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் முழுவதும் விமான நிலையத்தில் கழிந்தது. நீண்ட பயணத்தில் அது சிறு இழப்பு. உங்களுக்கோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சரயேவோவுக்கு மே மாதம் அழைத்துச் செல்லுங்கள்.

இம்முறை கிரனாடாவே பொருத்தம். அதற்கு நான் சொல்லும் முதல் காரணம் சூரியன். மேற்கே வெகு தொலைவில் இருந்தும் ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தையே பின்பற்றுவதால், நவம்பர் நடுவில் கிரனாடாவில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் மணிக்கு மேல் ஆகும். மறைவது ஆறு மணியை ஒட்டி. ஆகவே விடியல் தொழுகையான சுப்ஹுக்கு அரைத்தூக்கத்தில் எழ வேண்டியதில்லை. நண்பகல் தொழுகையான லுஹர் ஒரு மணியளவில் தொடங்கும். வியன்னாவில் அதே நாள்களில் மாலை நான்கேகால் மணிக்கெல்லாம் மக்ரிபு வந்துவிடும். லுஹர், அஸர், மக்ரிபு மூன்றும் ஐந்து மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வரும்போது அருங்காட்சியகத்தின் நடுவில் நின்று என்ன செய்வீர்கள்?

அல்பைசின் குன்றின் மேல் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிர்க்குன்றில் முஸ்லிம் மன்னர்களின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ரா முழுமையாகத் தெரியும். 1492இல் முஸ்லிம் ஆட்சி முடிந்த அந்த ஊரில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு ஒலிக்காத பாங்கை அங்கே கேட்டபோது என் உடல் சிலிர்த்தது. ஆனால் அல்பைசின் முழுவதும் கூழாங்கல் பாவிய செங்குத்தான சந்துகள். தாயாரை நடக்க வைக்காதீர்கள். குன்றின் மேல் வரை ஏறும் சிறு பேருந்துகள் உண்டு. தங்குமிடத்தைக் கீழே சமதரையில் எடுங்கள். குன்றின் அடிவாரத்திலுள்ள கால்தெரேரியா தெருவில் மொராக்கோத் தேநீர்க் கடைகளும் ஹலால் உணவகங்களும் நெருங்கி இருக்கின்றன.

உணவில் ஓர் எச்சரிக்கை. அங்கே காய்கறி உணவு என்று கேட்டால் மட்டும் போதாது. அவரைக்காய்ப் பொரியலிலும் ஜமோன் என்னும் பன்றித் தொடைத் துண்டுகளைத் தூவுவார்கள். நவம்பரில் கடைகளில் வந்து குவியும் மன்டெகாடோ என்னும் மாவு இனிப்பு பன்றிக்கொழுப்பில் செய்யப்படுவது.

படித்துறை:

ஊரைத் தேர்வதற்கு முன், பயணிக்கு மார்க்கச் சட்டம் தரும் சலுகையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஷாஃபி மத்ஹபின்படி, வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு முழு நாள் தங்க எண்ணாதவர் பயணியாகவே கருதப்படுவார். உங்களுக்கு இடையில் இரண்டு முழு நாள்களே இருப்பதால், பயணம் முழுவதும் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தும், மக்ரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் அவ்வாறே சேர்த்தும் தொழலாம். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் மட்டும் முழுமையாகத் தொழ வேண்டும். இதை உங்கள் தாயாரிடம் இப்போதே எடுத்துச் சொல்லுங்கள். சலுகை என்றதும் பெரியவர்கள் முதலில் தயங்குவார்கள். இதைப் படிக்கும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த சகோதரர்கள் சுருக்கலாம், ஆனால் சேர்த்துத் தொழுவது அவர்கள் மத்ஹபில் இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதால் ஒரே இடத்தில் இரண்டும் முடிந்துவிடும்.

இன்னொன்று தோல் காலுறை. உளூவோடு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் தூய்மையோடு) அணிந்துகொண்டால், கால் கழுவுவதற்குப் பதிலாகப் பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன் மேல் ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்யலாம். முழங்கால் வலியுள்ளவர் பொதுக் கழிப்பறையின் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைக்கும் துன்பம் அடியோடு நீங்கும். சிறு தண்ணீர்ப் புட்டி ஒன்றையும் பையில் வைத்திருங்கள்.

வியன்னாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போஸ்னியாவை இணைத்துக்கொண்ட ஆஸ்திரியா 1912இலேயே இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. சுரங்க ரயிலும் மின்தூக்கிகளும் கால் வலி உள்ளவர்களுக்கு மிகவும் வசதியானவை. ஆனால் மினாராவோடு (பள்ளிவாசல் கோபுரத்தோடு) கூடிய இஸ்லாமிய மையம் டான்யூப் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. அரண்மனைகளுக்கு நடுவில் இல்லை. உங்கள் மனைவி முகத்திரை அணிபவராயின், 2017 முதல் ஆஸ்திரியாவில் பொது இடங்களில் முகத்தை மறைப்பதற்குத் தடை உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள், தலைமுக்காட்டுக்குத் தடையில்லை.

வழிப்போக்கன்:

மூவருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. மனைவி தலைமுக்காடு மட்டுமே அணிகிறார். தாயாரிடம் சேர்த்துத் தொழும் சலுகையைச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்புக்கொண்டார். கிரனாடா என்று முடிவு செய்துவிட்டோம். அல்ஹம்ராவை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது? ஒரு நாள் கார்டோபா போய் வரலாமா?

மாலைவெயில்:

அல்ஹம்ராவுக்கு இன்றே பதிவு செய்யுங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கடவுச்சீட்டுகளைக் கையில் வைத்திருங்கள். காலை பத்து மணியளவு நேரத்தைத் தேர்ந்தால், சுவரெங்கும் மீண்டும் மீண்டும் பொறித்திருக்கும் ‘லா காலிப இல்லல்லாஹ்’ (அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை) என்ற வாசகத்தைத் தாயாரோடு நின்று வாசித்துவிட்டு, மதியம் வாடகைக் காரில் அல்பைசின் பள்ளிவாசலுக்கு ஏறி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஸ்பானியர்கள் மதிய உணவை இரண்டு மணிக்குப் பிறகே உண்பதால், தொழுது இறங்கும்போது உணவகங்கள் திறந்திருக்கும்.

கார்டோபாவை இம்முறை விட்டுவிடுங்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1236 முதல் தேவாலயமாக இருந்துவருகிறது. முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை. அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றும் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் திரும்பியது எனக்கே பெரும் பாரமாக இருந்தது. உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அவரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தாமல் அங்கே அழைத்துச் செல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.