மிச்சிகன் சோப்ரைட்டி கோர்ட்: 45 நாள் தாண்டியும் தம்பிக்கு லைசென்ஸ் வரவில்லை

ஒஹையோ அக்கா
வணக்கம். என் தம்பி மிச்சிகனில் ஓக்லாந்து கவுண்டியில் இருக்கிறான். ஏழு வருடத்துக்குள் இரண்டாவது முறையாகக் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டிக்கொண்டான். யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். குற்றத்தை ஒப்புக்கொண்டு சோப்ரைட்டி கோர்ட்டில் (குடியை விடச் சிகிச்சை கொடுத்து நீதிபதியே தொடர்ந்து கண்காணிக்கும் நீதிமன்றத் திட்டம்) சேர்ந்திருக்கிறான். சிகிச்சை, கூட்டம், பரிசோதனை என்று எதையும் தவறவிடவில்லை. இந்த முறை மனதார முயற்சி செய்கிறான்.

பிரச்சினை லைசென்ஸ்தான். "45 நாள் பொறுங்கள், கட்டுப்பாடுகளோடு ஒரு லைசென்ஸ் கிடைக்கும்" என்றார் வழக்கறிஞர். ஆனால் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்திலிருந்து (அங்கே ஆர்டிஓ வேலை இவர்களுடையது) வந்த கடிதத்தில், குறைந்தது ஒரு வருடம் லைசென்ஸ் ரத்து என்று போட்டிருக்கிறது. இன்றோடு 63 நாள். காரில் ஊதும் கருவியையும் (மூச்சில் ஆல்கஹால் இருந்தால் வண்டியைக் கிளப்ப விடாது) மாட்டியாகிவிட்டது. அப்பா அவனோடுதான் இருக்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இப்போதைக்கு அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மாறி மாறி அழைத்துப் போகிறார்கள். எத்தனை நாளைக்கு அவர்களையே கேட்பது?

கடிதம் சரியா, வழக்கறிஞர் சொன்னது சரியா? லைசென்ஸ் வந்தால் அப்பாவை அழைத்துப் போகலாமா?

ஏரிக்கரை
அக்கா, நானும் இதே வழியில் வந்தவன். குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. இரண்டுமே சரிதான். ஏழு வருடத்துக்குள் இரண்டாவது தண்டனை என்றால் குறைந்தது ஒரு வருட ரத்து என்பது பொது விதி, அதனால் அந்தக் கடிதம் எல்லோருக்கும் தானாக வரும். சோப்ரைட்டி கோர்ட்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2011இல் தனி வழி திறந்தார்கள். ரத்தாகி 45 நாள் கழிந்த பிறகு, கட்டுப்பாட்டு லைசென்ஸ். ஆனால் நாள் முடிந்ததும் அது தானாக வந்துவிடாது. இவர் திட்டத்தில் சேர்க்கப்பட்டார், கருவியும் பொருத்தப்பட்டது என்று நீதிபதி சான்றளித்து செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால் 63 நாளானாலும் 163 நாளானாலும் ஒன்றும் நடக்காது.

45 நாளைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணாதீர்கள், கடிதத்தில் ரத்து தொடங்கும் தேதி எது என்று பாருங்கள். அதுவரை பக்கத்துக் கடைக்குக்கூட ஓட்ட வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரத்தான காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால், அதே அளவு ரத்து இன்னொரு முறை மேலே ஏறும். கோர்ட்டில் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

சட்ட அலுவலக உதவியாளர்
ஒரு கேள்வி. தம்பி பெயரில் எத்தனை வண்டி இருக்கிறது? அவர் ஓட்டும் காரில் மட்டும் கருவி இருந்தால் போதாது. அவருக்குச் சொந்தமான, அல்லது அவர் ஓட்டுகிற ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

அப்பா விஷயத்துக்குக் கவலை வேண்டாம். வேலை, படிப்பு, சிகிச்சை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டம், கோர்ட், பரிசோதனை, கருவி சர்வீஸ் இவற்றோடு, குடும்பத்தில் ஒருவருக்குத் தொடர்ந்து நடக்கும் தீவிர மருத்துவச் சிகிச்சைக்கும் ஓட்டலாம். டயாலிசிஸ் அதற்குள் வரும். எங்கே போகிறார், எத்தனை மணிக்கு என்பதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். டயாலிசிஸ் சென்டரில் நாளும் நேரமும் போட்டு ஒரு கடிதம் வாங்கி வண்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் மளிகைக் கடைக்கு ஒதுங்குவது இதில் சேராது.

ஒஹையோ அக்கா
ஐயோ, அதுதான்! ஓடாத பழைய கரோலா ஒன்று அவன் பெயரிலேயே வீட்டு முன்னால் நிற்கிறது. அதை யாருமே நினைக்கவில்லை. விற்றால் போதுமா?

சட்ட அலுவலக உதவியாளர்
முறைப்படி விற்று டைட்டிலை (வண்டியின் உரிமைப் பத்திரம்) மாற்றிவிட்டு, அந்தத் தாளின் நகலைக் கோர்ட்டில் அவர் கேஸைப் பார்க்கும் அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டு அதை இவர் ஓட்டினால், கருவி இல்லாத வண்டியை ஓட்டியதாகத்தான் ஆகும். நீதிபதிக்குத் தெரிந்தால் லைசென்ஸ் உடனே போய்விடும்.

மருந்துக்கடை மீனா
மிச்சிகனில் அந்தக் கருவி ஆல்கஹால் அளவு 0.025 ஆனாலே தோல்வி காட்டும், வண்டி ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அதனால் வீட்டு மருந்து அலமாரியை ஒரு முறை பாருங்கள் அக்கா. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிஷ்டம், ஆசவம் ஏதாவது இருக்கிறதா? அவை புளிக்க வைத்துச் செய்பவை, பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். அஜீரணத்துக்கு என்று அப்பா எடுப்பதைத் தம்பியும் ஒரு மூடி குடித்தால் போச்சு. கோர்ட்டில் எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை மூன்று நாள் வரைகூடக் காட்டிக்கொடுக்கும். அங்கே "இது நாட்டு மருந்து" என்பது எடுபடாது. ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம், ஹோமியோபதிச் சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் இதேதான். தம்பி ஊதுவதற்கு முன் வெறும் தண்ணீரால் நன்றாக வாயைக் கொப்பளிக்கட்டும்.

டெக்சாஸ்வாசி
தம்பி சிட்டிசன் இல்லை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானதற்காக, தண்டனை வராவிட்டாலும், விசா முத்திரையைத் தூதரகம் ரத்து செய்யலாம். அதற்காக உடனே நாட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை, ஆனால் வெளியே போனால் திரும்பி வரப் புது விசாவும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். அப்புறம், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு டிரக் கோர்ட்டில் (போதைப்பொருள் வழக்குகளுக்கான இதே மாதிரித் திட்டம்) சேர்ந்தால், பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கே டெக்சாஸில் லைசென்ஸ் விதிகளே வேறு, மிச்சிகன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒஹையோ அக்கா
தம்பி கிரீன் கார்டில் இருக்கிறான். குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரம் வாங்கிவிட்டோம். அலமாரியில் இரண்டு பாட்டில் அரிஷ்டம் இருந்தது மீனா, அப்பாவே எடுத்துக் கொட்டிவிட்டார்.

ஒஹையோ அக்கா (மூன்று வாரம் கழித்து)
கரோலாவை விற்றுத் தாளைக் கொடுத்த பிறகு நீதிபதியின் சான்று போனது. நேற்று லைசென்ஸ் வந்துவிட்டது! இன்று காலை ஐந்தரை மணிக்கு, ஊதிவிட்டு, அப்பாவை அவனே அழைத்துப் போனான். சென்டர் கொடுத்த கடிதம் டாஷ்போர்டில் இருக்கிறது. முழு லைசென்ஸ் எப்போது கிடைக்கும்?

ஏரிக்கரை
கேட்கவே மனம் நிறைகிறது அக்கா. கருவியோடு குறைந்தது ஒரு வருடம் ஓட்ட வேண்டும், கோர்ட் திட்டத்தை முடிக்க வேண்டும், அதன்பின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் விசாரணையில் குடியை விட்டதை நிரூபிக்க வேண்டும். தம்பி போகும் கூட்டங்களின் தேதிகளை இன்றே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கட்டும். எனக்கு அந்த நோட்டுதான் கைகொடுத்தது.