சோயா கலந்த பால்மாவும் இளங்கன்றுகளும்: உங்கள் அனுபவம் என்ன?

ஓமலூரிலிருந்து:
பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் மாவு இது, பிறந்த வாரத்திலிருந்தே கொடுக்கலாம் என்று விற்றவர் அடித்துச் சொன்ன பால்மாவைத்தான் எங்கள் ஜெர்சிக் கலப்பினக் கிடேரிக் கன்றுக்குக் கரைத்து வைத்தோம். வயிறு உப்பியிருந்தும் பசி அடங்காமல் அது என் சேலைத் தலைப்பை இழுத்துச் சப்பிக்கொண்டே நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. வாலடியில் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. வாளியின் அடியில் மாவு வண்டலாகப் படிந்திருந்தது. மருத்துவர் பாலுக்கே திரும்பச் சொன்னதால் கன்று பிழைத்தது. மூட்டையில் புரதம் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருந்தார்களே ஒழிய, அது பாலின் புரதமா சோயாவின் புரதமா என்று ஒரு வரிகூட இல்லை.

வாழப்பாடியிலிருந்து:
அதற்காகப் பால்மாவையே குறை சொல்வது சரியன்று, அம்மா. ஒரு மாதம் கடந்த கன்றுகளுக்கு நாங்கள் சோயா கலந்த மாவைத்தான் கொடுக்கிறோம். சொசைட்டிக்கு ஊற்றும் பாலும் கூடுகிறது, கன்றும் தேறுகிறது. ஒருநாள் ஆறிப்போன கரைசலை வைத்தபோது மட்டும், கன்று வாளியை முட்டிக் கவிழ்த்துவிட்டு என்னையே முறைத்துப் பார்த்தது.

ஏற்காட்டிலிருந்து:
பனிக்காலத்தில் எங்கள் கன்று ஒன்று இரவெல்லாம் கழிச்சல் கண்டு, விடியலில் காது சில்லிட்டுக் கிடந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இருவருமே காரணத்தைத் தொடவில்லை. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கன்றின் நான்காம் இரைப்பையில் தயிர்போல் உறைந்து, சிறிது சிறிதாகக் குடலுக்கு இறங்குகிறது. சோயாப் புரதம் அவ்வாறு உறைவதில்லை. சரியாகப் பதப்படுத்தாத சோயாவில் புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சினைத் தடுக்கும் பொருளும், குடலில் ஒவ்வாமை உண்டாக்கும் கிளைசினின் போன்ற புரதங்களும் இருப்பதால், 3 வாரம் நிரம்பாத கன்று அதைத் தாங்குவது கடினம். மாவுச்சத்தைச் செரிக்கும் திறனும் அந்த வயதில் சொற்பமே. ஆகவே, சேகோ எனும் ஜவ்வரிசி ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றாதீர்கள். மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான, பசுவுக்குப் போடும் திப்பியைக் கரைத்தும் கொடுக்காதீர்கள். சர்க்கரையும் வெல்லமும் கூடாது. அவற்றிலுள்ள சுக்ரோஸ் என்னும் இனிப்பைச் சிதைக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. கழிச்சல் கண்டால் குளுக்கோஸும் உப்பும் சேர்ந்த கரைசலே ஏற்றது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், அதன்பின் நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலும் கொடுத்து வந்தால் இவ்வளவு பேச்சுக்கே இடமில்லை.

வாழப்பாடியிலிருந்து:
கன்றுக்குத் திப்பி கரைத்து ஊற்றுவதாக இங்கே யாருமே எழுதவில்லையே, ஐயா! காது சில்லிட்டுக் கிடந்த உங்கள் கன்று முந்தைய நாள் குடித்தது பாலா, மாவா? அதைத்தான் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.