சுகர் 168தான், ஆனாலும் ஐசியு

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை நோய்க்குப் போடும் மெட்ஃபார்மினோடு போன வருடம் டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்தார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை. எடையும் குறைந்ததில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

வைகுண்ட ஏகாதசிக்கு முழு விரதம். மாத்திரையை மட்டும் விடவில்லை. மறுநாள் பாரணைக்கு உட்கார்ந்தவருக்கு இரண்டு வாயிலேயே வாந்தி, வயிற்றுவலி. மதியம் மூச்சு வாங்கியது. குளுக்கோமீட்டரில் 168. "சுகர் நல்லாத்தானே இருக்கு, கேஸா இருக்கும்மா" என்று சொன்னது நான்தான். முதலில் போன மருத்துவமனையிலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

இரவு வேறு இடத்துக்கு ஓடினோம். அங்கே டியூட்டி டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் கேட்டது, "இந்த மாத்திரையைக் கடைசியா எப்பப் போட்டாங்க?" ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் எகிறியிருந்தது. ரத்தத்தின் பிஎச் 7.1. அமிலம் ஏற ஏற இந்த எண் இறங்குமாம், 7.35க்குக் கீழே போகக் கூடாதாம்.

சாப்பாடு உள்ளே வரவில்லை, மாத்திரையோ சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் குறைந்து, உடம்பு கொழுப்பை எரிக்க, கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடுகிறது. சர்க்கரை அதிகம் ஏறாததால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015லேயே எச்சரித்த விஷயமாம். கீட்டோனை அடக்க இன்சுலின், அதில் சுகர் ரொம்ப இறங்கிவிடாமல் இருக்கக் குளுக்கோஸ் என்று இரண்டையும் ஏற்றினார்கள். "சுகர்காரிக்குக் குளுக்கோஸா?" என்று சித்தி நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார். மூன்று நாள் ஐசியு.

பதில்:
எங்கள் பாட்டிக்கு நேர் எதிர். சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, காய்ச்சலில் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. பேச்சு குழறியது, பக்கவாதம் என்றே நினைத்தோம். சுகர் 38. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து காபி கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றதற்கு டாக்டர் விடவில்லை. கிட்னி பலவீனம், மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது என்றார். சொன்னபடியே மூன்று மணி நேரத்தில் மறுபடி 52.

பதில்:
அப்பாவின் ஹெர்னியா ஆபரேஷனை மயக்க மருந்து டாக்டர் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார். டாபாக்ளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமாம். லீவு வீணாகிவிட்டதே என்று அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தேன். மேலே இருப்பதைப் படித்த பிறகு வெட்கமாக இருக்கிறது.

முதலில் எழுதியவர்:
அம்மாவுக்கு அந்த மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது இன்சுலின். அடுத்த ஏகாதசிக்குக் கோதுமை உப்புமா சாப்பிடச் சம்மதித்திருக்கிறார். அதுவும் பெரிய பேச்சுவார்த்தைக்கு அப்புறம்.